ஒளிப்பதிவாளரின் முன்னேற்பாடு

பின்வரும் கட்டுரையை வாசித்திடுக.

'கபாலி' திரைப்படம் 2016ஆம் ஆண்டு ஜூலை மாதம் திரைக்கு வந்தது. அதன் படப்பிடிப்பின் ஒரு பகுதி மலாக்காவில் நடைபெற்றது. படத்தின் நாயகர் ரஜினிகாந்த் என்பது எல்லாருக்கும் தெரியும். இயக்கியவர் பா. இரஞ்சித் என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால், அப்படத்தின் ஒளிப்பதிவாளர் ஜி. முரளி என்று உடனே சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. திரையில் தெரியும் ஒவ்வொரு முகமும் ஒவ்வொரு சுவரும் ஒளிப்பதிவாளரின் கண்வழியாகவே மக்களை வந்தடைகின்றன. இருந்தும், அவர் பெயர் பலருடைய நினைவில் தங்குவதில்லை.

ஒளிப்பதிவாளர் என்றால் கேமராவின் பின்னால் நிற்பவர் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், கேமரா படப்பிடிப்புத் தளத்திற்கு வந்து சேர்வதற்குப் பல வாரங்களுக்கு முன்பே அவருடைய வேலை தொடங்கிவிடுகிறது. அந்த முன்னேற்பாடு சரியாக அமைந்தால்தான் படப்பிடிப்பு நாளில் எடுக்கும் காட்சி சரியாக அமையும்.

இதற்குப் புகழ்பெற்ற ஒரு சான்று உண்டு. தமிழ்த் திரையுலகின் சிறந்த ஒளிப்பதிவாளர்களுள் ஒருவரான பாலு மகேந்திரா இலங்கையின் மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்தவர். அவர் சிறுவனாக இருந்தபோது பள்ளிச் சுற்றுலா சென்ற இடத்தில், ஆங்கில இயக்குநர் டேவிட் லீன் ஒரு படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். அது 1957இல் வெளிவந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' என்னும் திரைப்படம். இயக்குநர் 'மழை' என்று உரக்கக் கட்டளையிட்டார். உடனே மழை கொட்டியது. அந்த வியப்புதான் தம்மைத் திரைப்படத்தின் பக்கம் இழுத்தது என்று பாலு மகேந்திரா பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்தார். சிறுவனின் கண்ணுக்கு அது மாயமாகத் தெரிந்தது. ஆனால், கட்டளையிட்டதும் மழை பெய்ய வேண்டுமானால் நீரும் குழாயும் அவற்றை இயக்கும் ஆள்களும் முன்கூட்டியே தயாராக இருந்திருக்க வேண்டும்.

திரைக்கதையை மூன்று முறை வாசித்தல்

ஒளிப்பதிவாளரின் கைக்கு முதலில் வருவது கேமரா அன்று; திரைக்கதைப் பிரதியே. அவர் அதைப் பலமுறை வாசிப்பார். முதல் வாசிப்பு கதையை உணர்வதற்கு. இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு காட்சியும் எங்கே, எந்த நேரத்தில், எந்த வானிலையில் நிகழ்கிறது என்று குறித்துக்கொள்வார். மூன்றாம் வாசிப்பில் ஒரே கேள்விக்கு விடை தேடுவார்: இந்தக் காட்சியில் ஒளி எங்கிருந்து வருகிறது?

எடுத்துக்காட்டாக, ஒரு குறும்படத்தின் கதை இப்படி அமைந்திருக்கிறது எனலாம். ஆண்டு 1975. இடம் மலாக்கா மாநிலத்தின் ஜாசின் வட்டாரத்தில் உள்ள ஓர் இரப்பர் தோட்டம். ஒரு தாய் விடியுமுன் பால் மரம் சீவச் செல்கிறார். பள்ளிக்குச் செல்லுமுன் மகளும் உடன் சென்று மங்குகளைத் துடைத்துக் கொடுக்கிறாள். மகளின் படிப்புச் செலவுக்குப் பணம் போதவில்லை. நண்பகலில் தாய் பேருந்தேறி மலாக்கா நகருக்குச் சென்று, பொற்கொல்லர் கடையில் தம் காதுத் தோடுகளை விற்கிறார். மாலையில் லயத்து வீட்டுக்குத் திரும்புகிறார். தாயின் வெறுங்காதைக் கண்டும் மகள் ஒன்றும் பேசவில்லை. கதை அவ்வளவுதான்.

இக்கதையில் மூன்று ஒளிகள் உள்ளன. விடியலில் தாயின் நெற்றியில் கட்டிய விளக்கொளி முதலாவது. நண்பகலில் நகரத் தெருவில் அடிக்கும் கடும் வெயில் இரண்டாவது. மாலையில் லயத்து வீட்டின் வாசல் வழியே நுழையும் மங்கிய ஒளி மூன்றாவது. கடைசிக் காட்சியில் வசனம் இல்லை. தாயின் காது பார்வையாளர்களின் கண்ணுக்குத் தெரியாமல் போனால் கதையே புரியாமல் போய்விடும். ஆகவே, அந்தக் காட்சியில் ஒளி தாயின் முகத்திற்குப் பக்கவாட்டிலிருந்து வந்து காதின்மீது பட வேண்டும். இந்த முடிவைப் படப்பிடிப்பு நாளில் எடுக்க முடியாது. வீட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே வாசல் எந்தப் பக்கம், அடுப்பு எந்தப் பக்கம் என்று பார்த்தாக வேண்டும்.

கதையின் ஆண்டும் ஒளியைப் பாதிக்கும். தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் 1982ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் அரைமணி நேரம் முன்னுக்கு நகர்த்தப்பட்டது. இன்று ஏறக்குறைய 7 மணிக்கு உதிக்கும் கதிரவன், 1975இன் கடிகாரப்படி ஏறக்குறைய 6.30 மணிக்கே உதித்தது. திரைக்கதையில் 'காலை மணி 6.45, வெயில் படர்கிறது' என்று எழுதியிருந்தால் அது பிழையன்று. ஆனால், அந்த ஒளியை இன்று பிடிக்க வேண்டுமானால் 7.15 மணிக்குத்தான் படமெடுக்க வேண்டும். இதை அறியாத குழு இருட்டில் காத்துக்கொண்டிருக்கும். அல்லது சுவரில் மாட்டிய கடிகாரத்தில் தவறான நேரத்தைக் காட்டிவிடும்.

இடத்தை நேரில் காணுதல்

வாசிப்பு முடிந்ததும் இயக்குநர், கலை இயக்குநர் ஆகியோருடன் ஒளிப்பதிவாளர் இடம் பார்க்கப் புறப்படுவார். மலாக்காவுக்கும் இரப்பருக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. 1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் என்பவர் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டார். பின்னர் புக்கிட் ஆசாகானில் அதை இன்னும் பெரிய அளவில் விரிவாக்கினார். மலாயாவின் இரப்பர் தோட்டத் தொழில் அங்கிருந்தே வளர்ந்தது. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழ்நாட்டிலிருந்து மக்கள் வந்தனர். லயங்களும் ஆலயங்களும் தமிழ்ப்பள்ளிகளும் தோன்றின.

இன்று நிலைமை வேறு. பல தோட்டங்களில் இரப்பருக்குப் பதில் செம்பனை நிற்கிறது. வேறு சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. செம்பனைக்கு அடியில் விழும் ஒளி வேறு. இரப்பர் மரத்திற்கு அடியில் விழும் ஒளி வேறு. ஒன்றைக் காட்டி மற்றொன்று என்று பார்வையாளரை நம்ப வைக்க முடியாது. ஆகவே, முதிர்ந்த இரப்பர் மரங்கள் இன்னும் நிற்கும் ஓர் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். இரப்பர் மரத்தைப் பொதுவாக 25 முதல் 30 ஆண்டுகள் வரை வைத்திருந்து, பின்னர் வெட்டி மறுநடவு செய்வார்கள். இன்று பார்த்த நிரை அடுத்த ஆண்டு அங்கே நிற்கும் என்பதற்கு உறுதியில்லை.

இடம் கிடைத்ததும் ஒளிப்பதிவாளரின் குறிப்பேடு நிறையத் தொடங்கும். முதலில் திசைகாட்டியை எடுத்து நிரைகள் எத்திசையில் ஓடுகின்றன என்று பார்ப்பார். கிழக்கு மேற்காக நடப்பட்ட நிரையானால், காலைக் கதிர் இரு வரிசை மரங்களுக்கிடையே நெடுக ஓடிவரும். வடக்கு தெற்காக நடப்பட்டிருந்தால், மரங்கள் குறுக்கே நின்று கதிரை மறைத்துவிடும். அடுத்ததாக, மாதத்தைக் கவனிப்பார். ஆண்டுத் தொடக்கத்தில், பொதுவாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில், இரப்பர் மரங்கள் இலையுதிர்த்துப் பின் துளிர்க்கும். அப்போது தோட்டத்தின் உள்ளே வெளிச்சம் கூடிவிடும். ஜனவரியில் இடம் பார்த்துவிட்டு மார்ச்சில் படமெடுக்க வந்தால், பார்த்த தோட்டம் ஒன்றாகவும் எடுக்கும் தோட்டம் வேறொன்றாகவும் தோன்றும்.

ஒளியோடு தொடர்பில்லாதவை போல் தோன்றும் செய்திகளும் குறிப்பேட்டில் இடம்பெறும். விளக்குகளை ஏற்றிய லாரி செம்மண் பாதையில் வர முடியுமா? மழை பெய்தால் திரும்பிப் போக முடியுமா? பழைய லயத்து வீட்டின் மின்கம்பிகள் பெரிய விளக்குகளைத் தாங்குமா? தாங்காவிட்டால் ஜெனரேட்டரை எங்கே நிறுத்துவது? அதன் இரைச்சல் வசனத்தைக் கெடுக்காமல் இருக்க எவ்வளவு தூரம் தள்ளி வைக்க வேண்டும்? தோட்ட நிர்வாகத்திடமும் ஆலயக் குழுவிடமும் அனுமதி பெற்றாயிற்றா? இக்கேள்விகளுக்கு விடை கிடைத்த பிறகே அந்த இடம் உறுதியாகும்.

கதிரவனின் கணக்கு

வெளிப்புறக் காட்சிகளுக்குக் கதிரவனே முதல் விளக்கு. அதை அணைக்கவோ நகர்த்தவோ முடியாது. ஆகவே, அதன் போக்கை முன்கூட்டியே கணக்கிட வேண்டும். இன்று கைப்பேசிச் செயலிகள் இதற்கு உதவுகின்றன. இருப்பினும், அக்கணக்கின் அடிப்படையை ஒளிப்பதிவாளர் அறிந்திருப்பார்.

மலாக்கா நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 2 பாகையில் அமைந்துள்ளது. அதனால் அங்கே கதிரவன் ஏறத்தாழ நேர்க்குத்தாக எழுந்து நேர்க்குத்தாக மறைகிறது. ஐரோப்பிய நாடுகளில் மாலையின் பொன்னொளி நெடுநேரம் நீடிக்கக்கூடும். மலாக்காவில் அது விரைவாக மறைந்துவிடும். கதிரவன் மறைந்தபின் கண்ணுக்குப் பொருள்கள் தெளிவாகத் தெரியும் அந்தி வெளிச்சம் இருபது நிமிடத்திற்குச் சற்று மேல்தான் இருக்கும். விடியற்காலையிலும் அதே அளவுதான்.

தாயின் நெற்றி விளக்கும் நீல வானமும் ஒருசேரத் தெரிய வேண்டும் என்று இயக்குநர் விரும்பினால், அதற்குக் கிடைப்பது அந்த இருபது நிமிடமே. அதற்கு முன் வானம் கறுப்பாக இருக்கும். அதற்குப் பின் விளக்கொளி பகலில் கரைந்துவிடும். அந்த இருபது நிமிடத்தில் மூன்று ஷாட் எடுக்கலாமா, நான்கு எடுக்கலாமா? மீதி இருந்தால் மறுநாள் விடியலில் எடுக்க வேண்டும். எனவே, ஒரு நிமிடமே ஓடும் காட்சிக்கு மூன்று விடியல்களை ஒதுக்க நேரிடலாம். இதை முன்பே கணக்கிட்டுச் சொல்லாவிட்டால் படத்தின் செலவு எதிர்பாராமல் கூடிவிடும்.

நண்பகலும் கவனத்திற்குரியது. மலாக்காவில் கதிரவன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அன்று. கடிகாரத்தில் ஏறக்குறைய 1.10 மணி ஆகும்போதுதான். மார்ச் இறுதியிலும் செப்டம்பர் நடுப்பகுதியிலும் அது தலைக்கு நேர் மேலே நிற்கும். அப்போது புருவத்தின் நிழல் கண்களில் விழுந்து முகம் குழிவிழுந்தது போல் தெரியும். மேலும், ஜூன் மாதத்தில் கதிரவன் வடபக்கம் சாய்ந்தும் டிசம்பரில் தென்பக்கம் சாய்ந்தும் செல்லும். வடக்கு நோக்கிய லயத்தின் முகப்பில் ஜூன் மாத நண்பகலில் வெயில் படும், டிசம்பரில் படாது.

தோடுகளை விற்கும் காட்சிக்கு மலாக்கா நகரின் ஜாலான் துக்காங் எமாஸ் பொருத்தமான இடம். அப்பெயருக்குப் பொற்கொல்லர் தெரு என்பதே பொருள். 1781இல் எழுப்பப்பட்ட ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயமும் அத்தெருவில்தான் இருக்கிறது. மலாக்கா நகரம் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைத் தலமாக அறிவிக்கப்பட்டது. பழைய கடை வீடுகள் காக்கப்பட்டிருப்பது படக்குழுவுக்கு நன்மை. ஆனால், குளிர்சாதனப் பெட்டிகளும் புதிய விளம்பரப் பலகைகளும் சுற்றுப்பயணிகளும் 1975ஆம் ஆண்டின் காட்சிக்குள் நுழையக் கூடாது. ஒளிப்பதிவாளர் தெருவின் இரு முனைகளிலிருந்தும் நிழற்படம் எடுத்துப் பார்ப்பார். எந்த உயரத்தில், எந்தக் கோணத்தில் கேமராவை வைத்தால் இவை மறையும் என்று குறித்துக்கொள்வார். உச்சி வெயிலைத் தவிர்க்கக் கடைகளின் முன்னுள்ள ஐந்தடி நடைபாதைக்குள் தாயை நடக்க வைக்கலாம் என்ற எண்ணமும் அங்கே நின்று பார்க்கும்போதுதான் தோன்றும்.

பெரியவர்களிடம் கேட்டறிதல்

அளவுக் கருவிகள் சொல்லாத செய்திகளைத் தோட்டத்து மக்கள் சொல்வார்கள். முன்னாளில் பால் மரம் சீவிய ஒரு பாட்டியிடம் ஒளிப்பதிவாளர் பேசுவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம்.

"பாட்டி, அந்தக் காலத்தில் எந்த விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவீர்கள்?"

"மொதல்ல கார்பைடு வெளக்கு தம்பி. அப்புறம் பேட்டரி வெளக்கு வந்துச்சு. வெளக்க மட்டும் கேக்குறியே, கொசுவுக்கு என்ன செஞ்சோம்னு கேக்கலியே. இடுப்புல கொசுவத்தி பொகைஞ்சிக்கிட்டே இருக்கும்."

இந்தச் சிறு விடையில் இரண்டு செய்திகள் உள்ளன. கார்பைடு விளக்கின் சுடர் மஞ்சள் கலந்து எரியும்; இன்றைய எல்.இ.டி. விளக்கின் ஒளி பெரும்பாலும் வெண்மையாகவோ நீலம் கலந்தோ இருக்கும். விளக்கு மாறினால் தாயின் முகத்தின் நிறமே மாறிவிடும். கொசுவத்தியின் புகையோ அதைவிடப் பயனுள்ளது. தூய காற்றில் ஒளிக்கற்றை கண்ணுக்குத் தெரியாது. புகையோ பனியோ இருந்தால்தான் அது தெரியும். இடுப்பில் புகையும் கொசுவத்தி, நெற்றி விளக்கின் கற்றையைத் திரையில் காட்டிக் கொடுக்கும். அழகுக்காகப் புகை போட வேண்டியதில்லை. அந்த வாழ்க்கையிலேயே புகை இருந்தது.

மரம் சீவுவது ஏன் விடியுமுன் நடக்கிறது என்பதையும் அவர்களிடமே கேட்டறியலாம். குளிர்ந்த விடியற்காலையில் மரத்தின் உள்ளழுத்தம் மிகுந்திருக்கும். பால் நன்றாக வடியும். வெயில் ஏற ஏற வடிவது குறையும். மழையில் பட்டை நனைந்திருந்தால் சீவ மாட்டார்கள். ஆகவே, உண்மையாகப் பால் வடிவதை அண்மைக் காட்சியாக எடுக்க விரும்பினால், முந்திய இரவு மழை பெய்யாத விடியலாகப் பார்க்க வேண்டும். உளியை எந்தக் கையில் பிடிப்பது, எந்தப் பக்கமிருந்து இழுப்பது என்பதையும் அனுபவசாலி ஒருவர் செய்து காட்டுவார். அதைப் பார்த்த பிறகே கேமரா மரத்தின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது தெளிவாகும்.

முகத்தைச் சோதித்துப் பார்த்தல்

அடுத்தது சோதனைப் படப்பிடிப்பு. நடிகர்களின் முகம், உடை, ஒப்பனை, விளக்கு, லென்ஸ் ஆகியவற்றை முன்கூட்டியே படமெடுத்துப் பார்ப்பது இன்றியமையாதது. தோட்டக் காட்சியில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு.

மர நிழலில் நிற்கும் முகத்தையும் இலைகளின் இடையே தெரியும் வானத்தையும் ஒளிப்பதிவாளர் ஒளிமானியால் அளக்கிறார். முகத்திற்கு 2.8 என்ற துளையளவும் வானத்திற்கு 16 என்ற துளையளவும் வருகின்றன எனக் கொள்ளலாம். 2.8, 4, 5.6, 8, 11, 16 என்ற வரிசையில் ஒவ்வொரு படியும் முந்தியதைப் போல் இரு மடங்கு ஒளியைக் குறிக்கும். ஐந்து படிகள் ஏறினால் 32 மடங்கு. அதாவது, முகத்தைவிட வானம் 32 மடங்கு ஒளிமிக்கது. வானத்திற்கு ஏற்பக் கேமராவைச் சரிசெய்தால் கறுத்த நிறமுடைய முகம் வெறும் நிழலுருவாகிவிடும். முகத்திற்கு ஏற்பச் சரிசெய்தால் வானம் வெளுத்துப் போகும். எதை விட்டுக்கொடுப்பது என்று முன்பே முடிவு செய்ய வேண்டும். கதை அந்தத் தாயுடையது என்றால் முகத்தை விட்டுக்கொடுக்க முடியாது. வானம் குறைவாகத் தெரியும் கோணத்தைத் தேட வேண்டும். அல்லது வெள்ளைத் துணியால் முகத்திற்கு ஒளியைத் திருப்ப வேண்டும்.

நிறம் பற்றிய இச்சிக்கலுக்கு ஒரு வரலாறும் உண்டு. 20ஆம் நூற்றாண்டில் வண்ண நிழற்படங்களை அச்சிட்டவர்கள் நிறத்தைச் சரிபார்க்க 'ஷர்லி அட்டை' எனப்படும் மாதிரி அட்டையைப் பயன்படுத்தினர். நெடுங்காலம் அவ்வட்டையில் வெள்ளையினப் பெண்ணின் படமே இருந்தது. அந்தத் தோல் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கருதினர். கறுத்த முகங்களின் நுட்பமான சாயல்கள் அதனால் பலமுறை காணாமல் போயின. இன்றைய கேமராக்கள் பெரிதும் முன்னேறியுள்ளன. ஆயினும், நடிக்கப்போகும் முகத்தையே சோதித்துப் பார்க்கும் ஒளிப்பதிவாளர், கருவியின் கணக்கை மட்டும் நம்பியிருப்பதில்லை.

மின்விளக்கையும் சோதிக்க வேண்டும். மலேசியாவில் மின்னோட்டம் வினாடிக்கு 50 சுழற்சிகள் கொண்டது. அதனால் பழைய வகைக் குழல்விளக்கு வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிரும். கண்ணுக்கு அது தெரியாது. கேமராவின் மூடுதிரை வேகம் அதனோடு ஒத்துப் போகாவிட்டால் படத்தில் ஒளி துடிக்கும். திரைப்படம் வினாடிக்கு 24 படச்சட்டங்கள் ஓடினாலும், ஒவ்வொரு சட்டத்திற்கும் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரம் ஒளி படுமாறு வைத்தால் இத்துடிப்பைத் தவிர்க்கலாம். பொற்கொல்லர் கடையில் குழல்விளக்கு எரிகிறதா என்பதை ஒளிப்பதிவாளர் முன்பே பார்த்து வைப்பதற்கு இதுவே காரணம்.

கிடைக்காததை உருவாக்குதல்

சில வேளைகளில் வேண்டிய இடமோ வேண்டிய ஒளியோ கிடைக்காது. அப்போது அதை உருவாக்க வேண்டும். அதற்கும் ஆராய்ச்சி தேவை.

சத்யஜித் ரே இயக்கிய 'அபராஜிதோ' 1956இல் வெளிவந்த வங்காளப் படம். காசி நகரத்துப் பழைய வீடு ஒன்று கதையில் வருகிறது. மழைக்கு அஞ்சி அவ்வீட்டைக் கல்கத்தாவில் படப்பிடிப்பு அரங்கிற்குள் அமைத்தனர். ஆனால், உண்மையான வீட்டின் முற்றத்தில் ஒளி மேலே திறந்த வானத்திலிருந்து மட்டுமே இறங்கும். அதில் கூர்மையான நிழல் விழாது. அரங்கின் விளக்குகளை நேராக அடித்தால் நிழல்கள் காட்டிக் கொடுத்துவிடும். ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா அரங்கின் மேலே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளை அத்துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய மெல்லொளி முற்றத்து வானொளியைப் போலவே அமைந்தது. அந்த முறை பின்னர் இந்தியத் திரைப்படங்களில் பரவியது.

'நாயகன்' 1987இல் வெளிவந்த தமிழ்ப்படம். மும்பையின் தாராவிக் குடியிருப்பைச் சென்னையில் அரங்கமாக அமைத்தவர் கலை இயக்குநர் தோட்டா தரணி. அந்தக் குறுகிய சந்துகளுக்கு ஒளியமைத்தவர் பி.சி. ஸ்ரீராம். இருவரும் அப்படத்திற்காகத் தேசிய விருது பெற்றனர். அரங்கம் எழும்போதே ஒளி எங்கிருந்து வரும் என்று கலை இயக்குநரும் ஒளிப்பதிவாளரும் கலந்து பேசினால்தான் சுவரும் சாளரமும் சரியான இடத்தில் அமையும். எடுத்துக்காட்டுக் குறும்படத்தின் லயத்து வீட்டுக்கும் இது பொருந்தும். சிறிய அறையில் பெரிய விளக்கை வைக்க இடமிருக்காது. வாசலுக்கு வெளியே வெள்ளைத் துணியைக் கட்டி ஒளியை உள்ளே திருப்பினால், அது மாலை வெளிச்சமாகவே தோன்றும். அந்த ஒளி பக்கவாட்டிலிருந்து வந்து தாயின் வெறுங்காதைக் காட்டும்.

பட்டியலும் மாற்றுத் திட்டமும்

இவ்வளவும் தெரிந்த பின்னர், ஒளிப்பதிவாளரும் இயக்குநரும் அமர்ந்து ஷாட் பட்டியலை எழுதுவர். ஒவ்வொரு ஷாட்டிலும் கேமரா எங்கே, எந்த லென்ஸ், எந்த நேரம், எந்தெந்தக் கருவி என்பன அதில் இருக்கும். சிலர் காட்சிகளைச் சிறு சிறு படங்களாக வரைந்தும் கொள்வர். அதன் அடிப்படையில் கருவிகளின் பட்டியல் எழும். தேவையற்ற கருவிக்கும் நாள்வாடகை கொடுக்க வேண்டும்; தேவையான ஒன்று இல்லாவிட்டால் வேலை நின்றுவிடும்.

ஒவ்வொரு நாளுக்கும் ஒரு மாற்றுத் திட்டமும் வேண்டும். மலாக்காவில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் இடியுடன் மழை பெய்வது வழக்கம். எனவே, வெளிப்புறக் காட்சிகளைக் காலையிலும் உட்புறக் காட்சிகளைப் பிற்பகலிலும் வைப்பது அறிவுடைமை. மழை முன்னதாகவே வந்துவிட்டால், அன்றே எடுக்கக்கூடிய லயத்து வீட்டுக் காட்சி ஒன்று தயாராக இருக்க வேண்டும். சிங்க் கூரையில் விழும் மழையின் ஓசை வசனத்தை மூழ்கடிக்கும் என்பதால், அது வசனமில்லாத காட்சியாக இருந்தால் இன்னும் நல்லது. மகள் ஒன்றும் பேசாத அந்தக் கடைசிக் காட்சி அதற்குப் பொருந்தும்.

இவ்வளவு உழைப்பு எதற்காக?

மலேசியத் தமிழர்களின் தோட்ட வாழ்க்கை திரையில் அதிகம் பதிவாகவில்லை. 2005இல் தீபக் குமரன் மேனன் இயக்கிய 'செம்மண் சாலை' 1960களின் தோட்டக் குடும்பத்தைக் காட்டியது. 2015இல் சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்' தோட்டத்தை விட்டு வெளியேறிய மக்களின் பிள்ளைகளைக் காட்டியது. 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்னும் விருதையும் பெற்றது. இவற்றைப் போன்ற படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவையே.

சிறுவன் பாலு மகேந்திரா மழையைக் கண்டு வியந்த அந்த ஆங்கிலப் படத்தை இங்கு மீண்டும் நினைத்துப் பார்க்கலாம். அது சயாம் மரண இரயில் பாதையைப் பற்றிய கதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்கள் பெருந்திரளாக அப்பாதையில் மடிந்தனர். ஆனால், அப்படம் போர்க்கைதிகளான பிரிட்டிஷ் வீரர்களின் கதையையே சொல்கிறது. தமிழ்த் தொழிலாளிகளின் துயரம் அதில் இடம்பெறவில்லை. மழையைக்கூட வரவழைக்கும் அளவுக்கு ஆயத்தம் செய்த படத்திலும், யாரைக் காட்டுவது என்பது ஒரு தேர்வாகவே இருந்தது.

ஆகவே, முன்னேற்பாடு என்பது கருவிகளைத் தயார் செய்வதோடு முடிவதில்லை. யாருடைய முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், யாருடைய சொல்லைக் கேட்டு விளக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்னும் முடிவுகளும் அதில் அடங்கும். நிரையில் நிற்கும் பழைய மரங்கள் ஒருநாள் வெட்டப்படும். அந்த மரங்களைச் சீவிய கைகளும் முதுமை அடைந்துவிட்டன. விடியலின் இருபது நிமிடத்தை முன்கூட்டியே அறிந்து, கேட்டு, அளந்து, காத்திருக்கும் ஒருவரால்தான் அதைத் திரையில் நிலைநிறுத்த முடியும். மறுநாள் விடியல் மீண்டும் வரும். அந்த நிரை அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

கருத்துணர்தல்

1. இயக்குநர் கட்டளையிட்டதும் மழை பெய்ததன் பின்னணியில் இருந்தது என்ன?
2. ஒளிப்பதிவாளர் திரைக்கதையை மூன்று முறை வாசிப்பதன் நோக்கங்களைக் குறிப்பிடுக.
3. இரப்பர் மர நிரைகள் ஓடும் திசை ஒளிப்பதிவை எவ்வாறு பாதிக்கிறது?
4. பாட்டி கூறிய விடையிலிருந்து ஒளிப்பதிவாளர் அறிந்துகொள்ளக்கூடிய இரு செய்திகளை விளக்கிடுக.
5. மர நிழலில் நிற்கும் முகத்தைவிட வானம் 64 மடங்கு ஒளிமிக்கதாக இருந்தால், இரண்டிற்கும் இடையே எத்தனை படிகள் வேறுபாடு இருக்கும்?
6. 'யாரைக் காட்டுவது என்பது ஒரு தேர்வு' என்னும் கருத்தை ஏற்கிறீரா? காரணங்களுடன் எழுதிடுக.

நடவடிக்கை

உமது ஊரில் விரைவில் மறையக்கூடும் என்று நீர் கருதும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்திடுக. காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று வேளைகளிலும் அங்கே ஒளி எங்கிருந்து வருகிறது என்று கவனித்துக் குறிப்பெடுத்திடுக. அவ்விடத்தை நெடுநாள் அறிந்த பெரியவர் ஒருவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு, அவர் கூறும் விடைகளையும் சேர்த்து ஒரு பக்க அளவில் எழுதிடுக.